வலங்கைமானுக்கு நீ எழுதிய பக்கம்

இன்று காலை எங்கள் தெருமுனையில் மீன்காரர் தன் பெட்டியைக் கவிழ்த்தார். ஐஸ் கரைந்த தண்ணீரும் அதில் ஊறிய உமியும் சாக்கடை ஓரமாக ஓடின. நனைந்த உமிக்கென்று ஒரு வாசனை உண்டு. அவிக்க ஊறப்போட்ட நெல் அண்டாவைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்களுக்குச் சோற்றை நினைவுபடுத்துகிற வாசனை. எனக்கும் போன சித்திரை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போதெல்லாம் அந்த வாசனை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இன்று ஏனோ சாத்தத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். மீன்காரர், என்னம்மா கெளுத்தி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன சித்திரையில் உன்னை உமி ஒட்டிய ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் கிடத்தியிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வர வேண்டிய நேரத்தில் வராததால் அப்படி ஆயிற்று. அது வராததற்குக் காரணம் நான். இதை முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் ஏமாற்றியதும் உன்னைத்தான். நீ இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்வதிலும் தைரியம் ஒன்றும் இல்லை. நீ திட்டப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நம் ஆபீஸை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. தஞ்சாவூரில் மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர். ஃபேன் காற்று ஒரு மேசைக்குத்தான் வரும். அந்த மேசையில் வாரத்துக்கு ஒருத்தியாக மாறி மாறி உட்காருவோம். உன் முறை வரும் திங்கட்கிழமை மட்டும் நீ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாய். நான் கூத்தாநல்லூரில் பிறந்து கல்யாணத்துக்குப் பிறகு தஞ்சாவூர்க்காரி ஆனவள், நீ வேளாங்கண்ணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வலங்கைமானில் மனை வாங்கிக் குடியேறியவள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாற்பதை நெருங்கும்போது ஒரே போர்டில் பெயர் போட்டுக்கொண்டோம்.

வெப்சைட் செய்து தருவது நம் தொழில். பாத்திரக்கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர், அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர் என்று யார் படியேறி வந்தாலும் கேட்டது ஒன்றுதான். நெட்டில் தேடினால் அவர்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும். எழுதுவது உன் பொறுப்பு. நீ எழுதியதைத் தளத்தில் ஏற்றுவது, எடுப்பது, தேடுபொறியின் கண்ணில் படும்படி தலைப்பையும் இணைப்பையும் அடுக்குவது என் பொறுப்பு. கதவைத் திறக்கிற சாவி என்னிடம் இருந்தது என்று வைத்துக்கொள்.

மத்தியானம் நாம் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து உன் வீட்டுக்காரர் கூப்பிடுவார். "போனை நேராப் பிடி, நெத்திதான் தெரியுது. முகத்தைக் காட்டு" என்பார். நீ வேண்டுமென்றே குழம்பைக் காட்டுவாய், என்னைக் காட்டுவாய், சுவரில் இருக்கிற பல்லியைக் காட்டுவாய். கடைசியில்தான் உன் முகம். பிள்ளை இல்லாத வீடு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிற மனிதர். அவருக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் குடும்பம். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவேன். உங்கள் இரண்டு பேர் மீதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. இதே ஊரில், ஒரே வீட்டில் இருக்கிற என் வீட்டுக்காரர் என் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் ஃப்ரீசர் பெட்டிக்காரர் வந்தார். தஞ்சாவூரில் கடை வைத்துத் துக்க வீடுகளுக்குக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். அந்த வேலையை எடுக்க எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீடுகளில் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. காலையில் மௌத் ஆனால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடும். என் அத்தா இறந்தபோது துபாயில் இருந்த தம்பி அங்கேயே அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனான். செத்தவர்களைக் காக்க வைத்து என்ன ஆகப்போகிறது என்று உன்னிடமே வாய்விட்டுக் கேட்டேன். நீ கோபப்படவில்லை.

"எங்களுக்கு முகம் பாக்கணும்டீ. பாத்தாத்தான் போனதை நம்புவோம். பாக்கலன்னா மனசு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாய்.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற இந்தப் பக்கத்தில் அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய ஒத்தாசை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனோ மகளோ ஃப்ளைட் பிடித்து வந்து சேரும்வரை முகம் கெடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் வேலை. நாம் ஒப்புக்கொண்டோம்.

நீ அந்தத் தளத்தைச் செய்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். பெட்டிக்காரர் ரோஜாப்பூ, மெழுகுவர்த்தி, சோகமான பாட்டு எல்லாம் வேண்டும் என்றார். நீ ஒன்றையும் சேர்க்கவில்லை. துக்க வீட்டில் ஒருவன் போனை எடுத்துத் தேடினால் அவனுக்குப் படிக்கப் பொறுமை இருக்காது, கண்ணில் தண்ணீர் இருக்கும், கை நடுங்கும், அவனுக்கு நம்பர் மட்டும் தெரிந்தால் போதும் என்றாய். நம்பரை உச்சியில் பெரிதாக வைக்கச் சொன்னாய், தொட்டாலே கால் போகிற மாதிரி. வயல் நடுவே இருக்கிற ஊரில் சிக்னல் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று படங்களை எல்லாம் இளைக்க வைத்தாய். பதறிப்போய் இருக்கிறவர்கள் எந்தெந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் கேட்டுவிட்டு வந்தாய். அவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். அத்தனையும் நியாயமான வேலை. ஃப்ரீசர் பெட்டி தஞ்சாவூர் என்று போட்டுத் தேடினால் நம் தளம் முதல் சில இடங்களுக்குள் வந்துவிட்டது.

பெட்டிக்காரருக்கு அது போதவில்லை. வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள், அங்கெல்லாம் தன் பெயர் வரவில்லை என்று குறைப்பட்டார். அதற்கு ஒரு வழி இருந்தது. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம் போட வேண்டும். கடை தஞ்சாவூரில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அம்மாபேட்டைக்காரன் தேடினால் அம்மாபேட்டைக் கடை போலவும், நீடாமங்கலத்துக்காரன் தேடினால் நீடாமங்கலத்துக் கடை போலவும் தெரிய வேண்டும். யோசனை என்னுடையது. செய்து முடித்தது நீ.

ஊர்ப் பெயர்களை நீ பஸ்ஸில் வரும்போது பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய், நிறுத்தத்துக்கு நிறுத்தம். ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் தேடுபொறி கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அதனால் ஊருக்கு ஊர் வேறு மாதிரி எழுதியாக வேண்டும். நீ அதைப் பாடம் எழுதுகிற மாதிரி எழுதினாய். ஓர் ஊரில் வாய்க்கால் மதகு, இன்னோர் ஊரில் ரேஷன் கடைக்கு எதிரில் இருக்கிற தூங்குமூஞ்சி மரம், வேறோர் ஊரில் பள்ளிவாசலை ஒட்டிய டீக்கடை. நீ குடியிருக்கிற வலங்கைமானைக் கடைசியாக வைத்துக்கொண்டாய். அது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"கடைத்தெருவிலிருந்து கிழக்கே நடந்தால் தண்ணீர்த் தொட்டி. அதற்கு எதிர்ச் சந்தில் மாதா கெபி. கெபியைத் தாண்டியும் வீடுகள் இருக்கின்றன. கடைசி வீடு வரைக்கும் நாங்கள் வருவோம்."

மாதா சிலை வைத்த அந்தச் சின்னக் கல்குகையைத் தாண்டி வருகிற கடைசி வீடு உன் வீடு. அதற்குக் கீழே, அரை மணி நேரத்தில் உங்கள் வாசலில், என்ற வரியைப் பெட்டிக்காரர் சொல்லி நான் சேர்த்தேன். ஒரு மாதத்துக்குள் எல்லா ஊருக்கும் நாம்தான் முதலிடம். வலங்கைமான் பக்கம் மற்ற எல்லாவற்றையும் விட உறுதியாக முதலில் நின்றது. அன்று நான் அசோகா அல்வா வாங்கி வந்தேன். நீ, சாவு வீட்டுக்கு அல்வாவா என்று கேட்டுக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய்.

பிறகு ஒரு நாள் ஆபீஸ் நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டார். தளத்தின் அடியில் செய்தவர்கள் என்று நம் பெயரும் நம்பரும் இருந்ததல்லவா, அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். குடவாசல் பக்கம் ஏதோ ஊர். நீதான் எடுத்தாய், ஸ்பீக்கரில் போட்டாய். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க இந்த ஊர்லயே இருக்கீங்கன்னு போட்டிருந்துச்சுங்க. அதை நம்பி வேற யாரையும் கூப்பிடாம இருந்துட்டோம். பெட்டி சாயங்காலம்தான் வந்துச்சு. அப்பாவை அப்படியே எடுத்துட்டோம், அண்ணன் வர்றதுக்குள்ள. சும்மா சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்" என்றார். வைத்துவிட்டார்.

நீ கீபோர்டைத் தள்ளி வைத்தாய். "அந்த ஊர்ப் பக்கத்தை எல்லாம் எடுத்துடு. நாளைக்கு இல்ல, இன்னிக்கு" என்றாய். நான் சரி என்றேன். சாயங்காலம் நீ பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, எடுத்தாச்சா என்று கேட்டாய். எடுத்தாச்சு என்றேன்.

எடுக்கவில்லை. தளத்தின் முகப்பிலிருந்து அந்தப் பக்கங்களுக்குப் போகிற இணைப்புகளை மட்டும் எடுத்தேன். தளத்தைத் திறந்து பார்க்கிற உனக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் தெரியாது. ஊர்ப் பெயர் போட்டுத் தேடுகிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் அப்படியே வரும். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். புதிதாக வருகிற கஸ்டமருக்குக் காட்ட நம்மிடம் இருந்த ஒரே வெற்றி அதுதான். வலங்கைமான் என்று போட்டுத் தேடிப் பாருங்கள் சார் என்பேன், தேடுவார், முதலில் நிற்கும், உடனே வேலையைக் கொடுத்துவிடுவார். அதை விட்டால் மருந்துக்கடை மாடியும் போய்விடும் என்று பயந்தேன். உன் முன்னால் நான் ஒரு தடவைகூட அந்த உதாரணத்தைக் காட்டியதில்லை, கவனித்தாயா? ஒரே ஒரு முறை நீயாகத் தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீ தேடவில்லை. நான் சொன்னதை நம்பினாய். எனக்கு உன் மீது வருகிற ஒரே கோபம் அதுதான், அதுவும் நியாயமில்லாத கோபம்.

சித்திரை முடிகிற சமயம். அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காலை ஆறரை மணிக்கு மாடியில் துணி காயப்போடப் போனவள் அங்கேயே விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம். எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். குவைத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும் என்று தெரிந்தது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உன் கொழுந்தன்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தான். அக்கம்பக்கத்தில் யாரோ பெட்டிக்குச் சொல்லியாச்சா என்று கேட்டதற்கு, சொல்லியாச்சு, பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றானாம். அதனால் யாரும் அதில் தலையிடவில்லை.

நான் வந்து சேரும்போது மணி பத்து. உன்னைப் பெஞ்சில் கிடத்தி வெள்ளைச் சேலை போர்த்தியிருந்தார்கள், கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அப்போது உன் முகம் நன்றாக இருந்தது. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. பெட்டி எங்கே என்று உன் கொழுந்தனைக் கேட்டேன். எட்டு மணிக்கே சொல்லிவிட்டதாகவும் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றும் சொன்னான். எனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று தன் போனை எடுத்துக் காட்டினான்.

"இங்கதான்க்கா இருக்காங்க. பாருங்க, நம்ம தண்ணித் தொட்டி, மாதா கெபி எல்லாம் போட்டிருக்காங்க. இந்த ஊருக்காரங்கதான், ஏமாத்த மாட்டாங்க."

நீ எழுதிய பக்கம். கடைசி வீடு வரைக்கும் நாங்கள் வருவோம்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இது பொய், இவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள், வேறு ஆளைப் பார் என்று ஒரு வாக்கியம் போதும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. உன் உடம்பு எனக்கு முன்னால் கிடக்கிறது, நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பெட்டிக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு பெட்டி ரிப்பேரில் இருக்கிறது, இன்னொன்று பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறது, திரும்பி வந்துகொண்டிருக்கிறது, மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுகிறேன் என்றார். இறந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் ஐயோ என்றார், வண்டியை விரட்டச் சொல்கிறேன் என்றார். உள்ளே வந்து உன் கொழுந்தனிடம், வந்துடும்ப்பா என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பொய்யையே நானும் வாயால் ஒரு தடவை சொன்னேன்.

இரண்டு மணி நேரம் உன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினேன். ஃபேன் ஓடியது, அனல்தான் இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு உன் கன்னத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அப்போதுதான் என் போனை எடுத்து ஃப்ரீசர் பெட்டி வலங்கைமான் என்று போட்டுத் தேடினேன். முதல் பக்கம் முழுக்க நாமும் நம்மைப் போலவே ஊர்ப் பெயரை வைத்து விளையாடியவர்களும். இரண்டாம் பக்கத்தில், நடுவில், ஒரு வரியும் ஒரு நம்பரும் இருந்தன. அதே ஊர், கடைத்தெருவுக்குப் பின்னால், உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கூப்பிட்டேன். வயதான குரல்.

"காலைலயே கூப்பிட்டிருந்தீங்கன்னா இங்கதாம்மா சும்மா கெடந்துச்சு. பதினோரு மணிக்குத்தான் ஒரு வீட்டுக்குப் போச்சு" என்றார்.

பதினோரு மணி. நான் பத்து மணிக்கு வந்தவள். அந்த ஒரு மணி நேரத்தை நான் என்ன செய்தேன் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டிகளைச் சாக்கில் போட்டு உமியோடு கொண்டுவந்தார்கள். உன்னைச் சுற்றி அடுக்கினார்கள். தண்ணீர் வழிந்து சந்து வரைக்கும் ஓடியது, உமி என் காலெல்லாம் ஒட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் என்று சொன்ன கண்ணாடிப் பெட்டி நாலரை மணிக்கு வந்தது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் உன்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஒயரைச் சொருகினார்.

மறுநாள் காலை பங்குச் சாமியாரும் பெரியவர்களும் பேசி, சவப்பெட்டியை மூடிவிடுவது என்று முடிவு செய்தார்கள். உன் வீட்டுக்காரர் மூன்று மணிக்கு வந்தார். சட்டையில் ஏர்போர்ட் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. மூடியைப் பார்த்தார், எங்கள் எல்லோரையும் பார்த்தார். நல்லா இருந்த முகத்தையே நினைச்சுக்கப்பா என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சண்டை போடவில்லை. பெட்டியின் ஒரு முனைக்குப் போய் நின்று, தலை இந்தப் பக்கமா என்று கேட்டார். நான்தான், ஆமாண்ணே என்றேன். அந்த இடத்தில் மூடியின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கல்லறைக்குக் கொண்டுபோகும் வரைக்கும் எடுக்கவில்லை.

அன்று திரும்பி வருகிற பஸ்ஸிலேயே எல்லா ஊர்ப் பக்கங்களையும் அழித்தேன், இந்த முறை நிஜமாகவே. அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டிக்காரரிடம் இனி அந்த வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க கூடவே இருந்தீங்கல்ல தங்கச்சி. முகம் எப்படி இருந்துச்சு?" என்றார். தூங்குகிற மாதிரி இருந்தது என்றேன். அவர் தலையாட்டினார். அந்த வாரமே குவைத்துக்குத் திரும்பிப் போனார். போன பிறகும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உன் கொழுந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் போன் அவன் வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் கூப்பிடுவாரே என்று சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், என்னைக் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் இருந்தது. அது எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"தங்கச்சி, சும்மா நம்ம ஊர்ப் பேரைப் போட்டுத் தேடிக்கிட்டிருந்தேன். நம்ம சந்தைப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க. தண்ணித் தொட்டி, கெபி, கடைசி வீடு. அவ பேசுற மாதிரியே இருக்கு. யாரு எழுதினது?"

நான் அழிப்பதற்கு முன்பே யாரோ அந்தப் பக்கத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு போய்த் தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்தோ பெட்டி அனுப்புகிறவர்கள், நம்பர் மட்டும் வேறு. உன் வரிகள் ஓர் எழுத்து மாறாமல் இருக்கின்றன. என்னால் அதை எடுக்க முடியவில்லை. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உன் எழுத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார், முகத்தைப் பார்க்க முடியாத மனிதர் அதையாவது கண்டுபிடித்தார். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குடவாசல் பெண் கூப்பிட்டதை, நீ எடுக்கச் சொன்னதை, நான் எடுத்ததாகச் சொன்னதை, பத்து மணியை, பதினோரு மணியை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அப்ப தூங்குற மாதிரி இருந்தான்னு சொன்னீங்களே, அது?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன்.

பிறகு, "சரி. இப்பத்தான் அவ போயிட்டான்னு தெரியுது" என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. உன் நம்பருக்கும் கூப்பிடுவதில்லை என்று உன் கொழுந்தன் சொல்கிறான். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

ஆபீஸ் இன்னும் நடக்கிறது. ஃபேன் காற்று வருகிற மேசை இப்போது எல்லா வாரமும் எனக்குத்தான். உன் பழுப்பு நோட்டு அந்த மேசை மீதே இருக்கிறது. தேடலில் அன்று இரண்டாம் பக்கத்தில் இருந்த அந்த வலங்கைமான் வயதானவருக்கு நான் ஒரு தளம் செய்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகப் போய்ச் செய்தேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நம்பரைப் பெரிதாக வைத்தேன், படங்களை இளைக்க வைத்தேன், ரோஜாப்பூ போடவில்லை. ஊர் ஒன்றே ஒன்று. அவர் இருக்கிற தெரு, அவரிடம் இருக்கிற ஒரு பெட்டி, அது வெளியே போயிருந்தால் போயிருக்கிறது என்று முகப்பிலேயே போடுகிறேன். தினமும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டு நானே மாற்றுகிறேன். அந்த இரண்டாம் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது.

உன் எழுத்தை முந்தத்தான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு உன் அளவுக்கு எழுத வராது என்பது உனக்கே தெரியும். அந்தத் தண்ணீர்த் தொட்டியையும் கெபியையும் உன்னைப் போல் நாலு வரியில் சொல்ல எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன். ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக வலங்கைமான் என்று போட்டுத் தேடுகிறேன். இன்று இதை எழுதுவதற்கு முன்னாலும் வீட்டிலேயே போனில் தேடினேன். அவர் இரண்டாவதாக வந்துவிட்டார். முதலில் நீதான் இருக்கிறாய்.